'போல் பொசிஷன்' கிடைச்சா ஜெயிச்ச மாதிரியா?

ஸ்ரீபெரும்புதூர்: "பர்மனென்ட் லிஸ்ட்ல நீதான்பா போல் பொசிஷன்" என்று சூப்பர்வைசர் சொன்னால், உடனே ஸ்வீட் பாக்ஸ் வாங்கிவிட வேண்டாம். கார் பந்தயத்தில் இருந்து வந்த இந்த வார்த்தைக்கு 'முதல் ஆளாக நிற்பவர்' என்றுதான் அர்த்தம். 'ஜெயித்தவர்' என்று அர்த்தம் கிடையாது.

குதிரை தந்த பெயர்

ஆங்கிலத்தில் 'போல்' என்றால் கம்பம். 19-ம் நூற்றாண்டில் குதிரைப் பந்தய மைதானங்களில் உள்பக்க வேலியை ஒட்டி கம்பம் நட்டிருப்பார்கள். அதன் ஓரமாக நிற்கும் குதிரைக்கு வளைவில் ஓட வேண்டிய தூரம் குறைவு. அந்த சவுகரியமான இடம்தான் 'போல் பொசிஷன்'. பிறகு கார், பைக் ரேசுக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது.

எப்படி கிடைக்கும்?

ரேசுக்கு முன்னாடி தகுதிச்சுற்று நடக்கும். ஒரு ரவுண்டை யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ, அவருக்கு முதல் இடம். முன்னால் வண்டியே இருக்காது. முதல் வளைவில் இடிபாடும் குறைவு.

சோழவரம் ரன்வேயில் சீறிய கார்களுக்கு நம்ம இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் திறக்கப்பட்டது 1990-ல். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த இந்த டிராக்கின் ஒரு ரவுண்டு சுமார் 3.7 கிலோமீட்டர்.

கோவைக்காரர் கதை

போல் கிடைத்தும் கோட்டை விடலாம். 2005 ஜூன் 19-ல் அமெரிக்காவில் நடந்த ஃபார்முலா ஒன் ரேசில் போல் பொசிஷன் டொயோட்டா வீரர் ஜார்னோ ட்ரூலிக்கு. ஆனால் மிச்செலின் டயரில் பாதுகாப்புப் பிரச்சினை. ரேஸ் தொடங்கும் முன்பே அவரோடு சேர்த்து 14 கார்கள் ஒதுங்கிவிட்டன.

மிச்சம் ஓடியது 6 கார்கள்தான். பின்வரிசையில் இருந்து கிளம்பிய கோவை வீரர் நரேன் கார்த்திகேயன் 4-வது இடம் பிடித்து 5 பாயிண்ட் அள்ளினார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் பாயிண்ட் அதுதான். முதலில் நின்றவருக்குக் கிடைத்தது பூஜ்யம்!

எங்கே சொல்லலாம்?

போட்டி முடியும் முன் ஒருவர் கை ஓங்கியிருந்தால் சொல்லலாம். "புது ஆர்டரைப் பிடிக்க எங்க கம்பெனி போல் பொசிஷனில் இருக்கு" என்பது சரி. ஆர்டர் கைக்கு வந்த பிறகு சொன்னால் தப்பு.

வேலை விஷயமும் இப்படித்தான். காண்ட்ராக்டில் இருப்பவரோ டிரெய்னியோ, 'போல் பொசிஷன்' என்ற வாய்வார்த்தையை நம்பி கடன் வாங்கிவிட்டு, பிறகு கைக்கு எட்டியது வாய்க்கு எட்டலையே என்று புலம்பக் கூடாது. பர்மனென்ட் ஆர்டர் காகிதம் கையில் வந்தால்தான் அது வெற்றிக்கோடு.