சூட்டுக் கணக்கு படத்துக்குள் வந்த கதை

1807 டிசம்பரில் ஜோசப் ஃபூரியே பாரிஸ் அறிஞர் அவையின் முன் ஓர் ஆய்வுரையை வைத்தார். திடப்பொருளில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பது அதன் பொருள். கிரெனோபிளில் மாவட்ட நிர்வாகியாக இருந்துகொண்டே, இரும்பு வளையத்தைச் சூடாக்கி, அங்கங்கே வெப்பநிலையை அளந்து பார்த்து எழுதியது அது. பரிசீலித்தவர்களில் லக்ராஞ்ச் ஒப்புக்கொள்ளவில்லை. ஆய்வு முழு நூலாக வெளிவர 1822 வரை ஆயிற்று.

டிஜிட்டல் படத் துறையில் ஃபூரியே பெயரைச் சொன்னால், படத்தை அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் முறைதான் எல்லோருக்கும் நினைவு வரும். 1965இல் கூலியும் டூக்கியும் அந்தக் கணக்கை விரைவாகப் போடும் வழியைக் காட்டிய பிறகு, அந்தக் கதை பாடப்புத்தகங்களில் நிலைபெற்றுவிட்டது. ஃபூரியே தீர்க்க முயன்ற மூலச் சமன்பாடு, அதாவது வெப்பப் பரவல் சமன்பாடு, படங்களுக்குள் நுழைந்த வழி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த வழியில் நடந்த முன்னேற்றமெல்லாம், சமன்பாட்டை எங்கே ஓடவிடக் கூடாது என்று கண்டுபிடித்ததில்தான் இருக்கிறது.

சமன்பாடு வேலை செய்ய முதலில் படம் எண்ணாக வேண்டும். 1957இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் தம் மூன்று மாதக் குழந்தையின் புகைப்படத்தை 176க்கு 176 புள்ளிகளாகக் கணினிக்குள் ஏற்றினார். கருவிக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும். வெவ்வேறு வெளிச்ச வரம்புகளில் பலமுறை வருடி, அவற்றை ஒன்றாக்கித்தான் சாம்பல் நிறங்களைப் பெற்றார்கள்.

புள்ளியின் வெளிச்சத்தை வெப்பநிலையாக எடுத்துக்கொண்டால் ஃபூரியேயின் சமன்பாடு மிக எளிய கணக்காகிவிடும். ஒரு பிக்செலைச் சுற்றியுள்ள நான்கு பிக்செல்களின் மதிப்பைக் கூட்டி, நடுப் பிக்செலின் நான்கு மடங்கைக் கழித்து, வருவதில் ஐந்தில் ஒரு பங்கை நடுவோடு சேர்க்க வேண்டும். நடுவில் 130, சுற்றிலும் 120 என்றால் கூட்டல் 480, கழிக்க வேண்டியது 520, மீதி கழித்தல் 40. ஐந்தில் ஒரு பங்கு 8 குறைந்து நடு 122 ஆகிறது. தனியாகத் துருத்திக்கொண்டிருந்த இரைச்சல் ஒரே சுற்றில் அடங்கிவிட்டது.

கூட்டாமல் கழித்தால் என்ன ஆகும்? வெப்பத்தைப் பின்னோக்கி ஓட்டுவது போல, மங்கிய படம் கூர்மையாகும். கோவாஸ்னாயும் ஜோசப்பும் 1955இலேயே இதை முயன்றார்கள். ஹோலோகிராபிக்காகப் பின்னாளில் நோபல் பெற்ற டென்னிஸ் காபரும் 1965இல் இதே யோசனைக்கு வந்தார். ஆனால் பின்னோக்கி ஓட்டினால் இரைச்சலும் சேர்ந்து பெருத்துவிடும். இரண்டு மூன்று படிகளுக்கு மேல் போனால் படம் கைவிட்டுப் போகும்.

முன்னோக்கிப் பரவவிட்டு, படத்தைப் படிப்படியாக மங்கலாக்கி, எந்த அளவில் எந்த உருவம் மிஞ்சுகிறது என்று பார்க்கும் முறையை 1983இல் ஆண்ட்ரூ விட்கினும் 1984இல் யான் குண்டரிங்கும் முன்வைத்தார்கள் என்றே மேற்கில் நம்பப்பட்டது. எழுத்துகளைக் கணினிக்கு அடையாளம் காட்டும் முயற்சியில் இருந்த டைசோ இய்ஜிமா 1959இலேயே அதே அடிப்படையை ஜப்பானிய மொழியில் எழுதியிருந்தார். 1990களின் பிற்பகுதியில்தான் அவருக்கு உரிய இடம் கிடைத்தது.

இந்த முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. இடப்பக்கம் 40, வலப்பக்கமெல்லாம் 200 என்றுள்ள ஒரு விளிம்பில் நிற்கும் பிக்செலை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன கணக்கு அதை ஒரே சுற்றில் 168க்கு இறக்கிவிடும். முகத்தின் ஓரமும் எழுத்தின் கோடும் இரைச்சலோடு சேர்ந்து கரைந்துபோகும்.

இதற்கு மருந்து பெர்க்லியில் கிடைத்தது. பியெத்ரோ பெரோனாவும், மதுராவில் பிறந்து கான்பூர் ஐஐடியில் படித்த ஜிதேந்திர மாலிக்கும், பரவலின் வேகத்தைப் படமே தீர்மானிக்கட்டும் என்றார்கள். 1987இல் முதலில் சொல்லப்பட்ட இந்த யோசனை 1990இல் விரிவான கட்டுரையாக வந்தது. அண்டைப் பிக்செலோடு உள்ள வித்தியாசத்தை ஒரு வரம்பால் வகுத்து, ஈவை வர்க்கமாக்கி, 1ஐக் கூட்டி, தலைகீழாக்கினால் வருவதே கடத்தும் திறன். வரம்பு 20 என்று வைத்தால், வித்தியாசம் 10 உள்ள இடத்தில் திறன் 0.8. அங்கே இரைச்சல் தாராளமாகக் கரையும். வித்தியாசம் 160 உள்ள விளிம்பில் திறன் 65இல் ஒரு பங்கு. 200 என்ற பிக்செல் 199.5 அளவிலேயே நின்றுவிடும். ஒரு வகுத்தலில் இவ்வளவு சாதித்த வேறு யோசனை இத்துறையில் அரிது.

கணித அறிஞர்களுக்கோ இதில் நெருடல். விளிம்புகளில் இந்தச் சமன்பாடு தன்னை அறியாமலே வெப்பத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறது. தீர்வு ஒன்றே என்ற உறுதியும் இல்லை. 1992இல் கத்தே, லியோன்ஸ், மொரெல், கோல் ஆகியோர், சற்று மங்கலாக்கிய படத்தில் வித்தியாசத்தை அளந்தால் போதும் என்று காட்டி அதைச் சீராக்கினர்.

அதே ஆண்டில் ருடின், ஓஷர், ஃபாத்தெமி மூவரும் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். மூலப் படத்தை விட்டு அதிகம் விலகாமல், படத்தின் ஏற்ற இறக்கங்களின் மொத்தக் கூட்டுத்தொகை எதில் குறைவோ, அதுவே நல்ல படம் என்றார்கள். 1992 லாஸ் ஏஞ்சலிஸ் கலவரத்தில் ஒரு லாரி ஓட்டுநர் தாக்கப்பட்டதை ஹெலிகாப்டரிலிருந்து படம்பிடித்திருந்தார்கள். தாக்கியவரின் கையில் வெறும் புள்ளியாகத் தெரிந்ததை, ருடினும் ஓஷரும் தொடங்கிய கோக்னிடெக் நிறுவனம் தெளிவாக்கியபோது ரோஜா வடிவில் குத்திய பச்சை வெளிப்பட்டது. அது நீதிமன்றத்தில் சாட்சியமானது.

2000இல் பெர்தல்மியோ, சாபிரோ, கசெலஸ், பாயெஸ்டர் ஆகியோர் கீறல் விழுந்த படங்களை எடுத்துக்கொண்டார்கள். மின்னியாபொலிஸ் கலைக்கூடத்தில் ஓவியம் செப்பனிடுபவர்களிடம் பேசி, அவர்கள் கைவேலையையே சமன்பாடாக்கினார்கள்: கீறலின் ஓரத்தில் வந்து முட்டும் சம வெளிச்சக் கோடுகளை உள்ளே நீட்டிச் செல்வது. அடுத்த ஆண்டே, திரவ ஓட்டத்துக்கான நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டோடு அதை அண்ட்ரியா பெர்டோசி பொருத்திக் காட்டினார். இன்று ஓப்பன்சிவி மென்பொருளில் அந்தப் பெயரிலேயே ஒரு தெரிவு உண்டு. மெல்லிய கீறலுக்கு அது அருமை. அகலமான ஓட்டை என்றால் இழுத்துப் பூசியது போலாகிவிடும். புல்லும் துணி நெசவும் அதற்கு வராது.

அந்த வேலைக்கு வேறு வகைப் பரவல் தேவைப்பட்டது. 2020இல் அதே பெர்க்லியிலிருந்து ஹோ, ஜெயின், அபீல் வெளியிட்ட முறையில், படத்தின் மேல் 1,000 படிகளில் இரைச்சல் தூவப்படுகிறது. ஒவ்வொரு படியையும் திரும்பி ஏற ஒரு நரம்பு வலை கற்றுக்கொள்கிறது. இங்கே பரவுவது வெளிச்சம் அல்ல, நிகழ்தகவு. ஆனாலும் அதன் சமன்பாடு வெப்பப் பரவலின் குடும்பம்தான். திரும்பி ஏறுவது ஏன் சாத்தியம் என்பதற்கான கணிதத்தை ஆஸ்திரேலியக் கட்டுப்பாட்டியல் அறிஞர் பிரையன் ஆண்டர்சன் 1982இலேயே எழுதியிருந்தார். 2021இல் யாங் சொங் குழுவினர் அதைப் பட உருவாக்கத்தோடு இணைத்தபோது, அந்தக் கட்டுரைக்கு ஏறக்குறைய நாற்பது வயதாகியிருந்தது.