முற்றத்தில் மூன்று பெண்கள்

‘பதேர் பாஞ்சாலி’ பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: “அதில் நடித்தவர்கள் யாரும் நடிகர்களே இல்லை.” விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்த சத்யஜித் ராய், அதுவரை சினிமா கேமராவைக் கையாண்டிராத இருபத்தொரு வயது சுப்ரத மித்ராவையும் கிராமத்து மனிதர்களையும் வைத்துக்கொண்டு ஒரு காவியத்தை எடுத்துவிட்டார் என்பது நமக்குப் பிடித்த கதை. சுயாதீன சினிமா என்றதும் இந்தக் கதையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம்.

அந்தக் கதையில் பாதி உண்மை. மறுபாதியில் சில பெண்களின் உழைப்பு காணாமல் போயிருக்கிறது. படத்தில் ஒரே முற்றத்தில் மூன்று பெண்கள் வாழ்கிறார்கள்: கூன் விழுந்த கிழவி இந்திர் தாக்ருன், குடும்பத்தின் பசியைச் சுமக்கும் சர்பஜயா, அவளுடைய மகள் துர்கா. மூவராக நடித்தவர்களும் மூன்று வெவ்வேறு வழிகளில் அந்த முற்றத்துக்கு வந்தவர்கள். அந்த வழிகளைத் தேடிப் போனால், வங்காளத்தில் பெண்கள் நடிக்க வந்த எண்பது ஆண்டு வரலாறு கிடைக்கிறது.

கிழவியிடமிருந்து தொடங்குவோம். பிபூதிபூஷண் பந்தோபாத்யாயின் நாவலில் இந்திர் தாக்ருனுக்கு வயது எழுபத்தைந்து. கன்னம் ஒட்டி, முதுகு வளைந்தவள். இளையவர் ஒருவருக்கு நரைமுடியும் சுருக்கமும் ஒட்டி எடுக்க ராய் விரும்பவில்லை. உண்மையிலேயே முதியவர் வேண்டும். வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் நாள் முழுக்க நிற்கவும் வேண்டும். மானமுள்ள குடும்பம் என்று சொல்லிக்கொள்பவை எதுவும் தன் வீட்டுப் பாட்டியைச் சினிமாவுக்கு அனுப்பாத காலம் அது. படத்தில் பக்கத்து வீட்டுப் பணக்காரியாக நடித்த ரேபா தேவிதான் வழிகாட்டினார். அவர் சொன்ன பெயர் சுனிபாலா தேவி. வயது எண்பதை ஒட்டி. பழைய நாடக நடிகை. 1930இல் ‘பிக்ரஹ’ என்ற ஊமைப்படத்திலும் 1939இல் ‘ரிக்தா’ என்ற பேசும் படத்திலும் நடித்தவர். ராய் அவரைப் பார்த்தபோது கல்கத்தாவில், பாலியல் தொழில் நடக்கும் பகுதியில் வசித்துவந்தார்.

அவர் ஏன் அங்கே இருந்தார் என்பது தனிமனிதச் சோகம் மட்டுமல்ல. கல்கத்தாவில் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் நாடகங்கள் தொடங்கியபோது பெண் வேடங்களை ஆண்களே போட்டார்கள். 1873இல் பெங்கால் தியேட்டர் பெண்களை மேடையேற்றியது. வந்தவர்கள் எல்லோரும் பாலியல் தொழில் பகுதிகளிலிருந்து வந்தவர்கள், ஏனென்றால் வேறெந்தப் பெண்ணாலும் வந்திருக்க முடியாது. விதவை மறுமணத்துக்காக ஊரையே எதிர்த்து நின்ற வித்யாசாகர்கூட இதை ஏற்காமல் ஒதுங்கிக்கொண்டார். அப்படி வந்தவர்களில் ஒருவரான கோலாப், சுகுமாரி தத்தா என்ற பெயரில் 1875இல் ஒரு நாடகமே எழுதினார்.  வினோதினி தாசி அதற்கும் முன்பே, 1874இல், சிறுமியாக இருக்கும்போதே மேடைக்கு வந்துவிட்டார்.

வினோதினியின் கதை வங்காளத்தில் எல்லோருக்கும் தெரியும். புதிய நாடகக் கொட்டகை கட்டப் பணம் வேண்டியிருந்தது. பணம் தர முன்வந்த செல்வந்தர் கேட்ட விலை வினோதினி. தன் குழுவுக்காக அவர் சம்மதித்தார். கொட்டகைக்கு அவர் பெயரின் முதலெழுத்தை வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். 1883இல் திறந்தபோது அதன் பெயர் ஸ்டார் தியேட்டர். சில ஆண்டுகளில், இருபதுகளின் நடுவிலேயே, அவர் மேடையைவிட்டு விலகினார். தன் மகளைப் பள்ளியில் சேர்க்க முயன்றபோது நடிகையின் மகளுக்கு இடம் கிடைக்கவில்லை. 1912இல் வெளியான தன்வரலாற்றில் இவற்றையெல்லாம் எழுதிவைத்தார். அந்தக் கொட்டகையின் பெயரை வினோதினி தியேட்டர் என்று மாற்றுவதாக மேற்கு வங்க அரசு அறிவித்தது 2024ஆம் ஆண்டின் கடைசியில்.

சுனிபாலா இந்த மரபில் வந்தவர். இவர்களின் பெயர்களிலேயே அது தெரியும். குடும்பப் பெயர் இல்லாததால் முதல் தலைமுறை நடிகைகள் ‘தாசி’ என்று எழுதப்பட்டார்கள். சினிமா வந்து கொஞ்சம் மரியாதை சேர்ந்தபோது ‘தேவி’ ஆனார்கள். கானன் பாலா, கானன் தேவி ஆனதும் அப்படித்தான். ‘பதேர் பாஞ்சாலி’யின் நடிகர் பட்டியலைப் படித்துப் பாருங்கள். சுனிபாலா தேவி, ரேபா தேவி என்று வரும். கருணா பானர்ஜி, உமா தாஸ்குப்தா என்றும் வரும். பின்னவை மேல்சாதிக் குடும்பப் பெயர்கள். யார் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார் என்பதைப் பட்டியலே சொல்லிவிடுகிறது.

‘நடிகர்களே இல்லை’ என்ற வாக்கியம் சுனிபாலாவுக்குச் செய்யும் அநியாயத்தை ராயின் நினைவுக்குறிப்புகளே காட்டிக்கொடுக்கின்றன. ஞாபகசக்தி எப்படி என்று கேட்டபோது நீளமான ஒரு குழந்தைப் பாட்டை முழுவதும் ஒப்பித்துக் காட்டினார். படத்தில் இரவில் தனியே உட்கார்ந்து பாடும் பாட்டும் அவர் நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்ததுதான். முந்தைய ஷாட்டில் எந்தக் கை ஈரமாக இருந்தது, முகத்தில் வேர்வை இருந்ததா இல்லையா என்று படக்குழுவுக்கே எடுத்துச் சொல்வார். பாடையில் கட்டித் தூக்கிப் போகும் காட்சியை எப்படிக் கேட்பது என்று ராய் தயங்கினார். அவருக்கு அதில் தயக்கமே இல்லை. ஷாட் முடிந்து பாடையை இறக்கிய பிறகும் அவர் அசையவில்லை. எல்லோரும் கலங்கிப்போனார்கள். ஷாட் முடிந்ததை யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்றார் அவர். இதற்குப் பெயர் இயல்பா, தொழிலா? அவருக்குக் கொடுக்கப்பட்டது நாளுக்கு இருபது ரூபாய். பணமில்லாமல் மாதக்கணக்கில் நின்று நின்று நடந்த படப்பிடிப்பில், நாட்கூலிக்காரருக்கு அந்த மாதங்களில் வருமானம் ஏது?

சர்பஜயாவாக நடித்த கருணா பானர்ஜி வந்த வழி வேறு. 1943இன் பஞ்சம் வங்காளத்தில் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. அதே ஆண்டு உருவான இந்திய மக்கள் நாடக மன்றம், இப்டா, அந்தப் பசியை மேடைக்குக் கொண்டுவந்தது. படித்த நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் ‘மானம் போகுமே’ என்ற தடையைத் தாண்டி மேடையேற அரசியல் ஒரு காரணத்தைக் கொடுத்தது. த்ருப்தி மித்ராவும் ஷோபா சென்னும் அப்படி வந்தவர்கள். கல்லூரிப் படிப்பு முடித்த கருணாவும் இப்டாவில் நடித்தவர். ராயின் நண்பர் சுப்ரத பானர்ஜியின் மனைவி. சினிமா என்றதும் முதலில் மறுத்துவிட்டு, பிறகுதான் ஒப்புக்கொண்டார். சிறு வயது துர்காவாக வருவது அவருடைய சொந்த மகள் ரூங்கி.

ஆக, கருணாவும் ‘நடிகரே இல்லாதவர்’ அல்ல. மகளின் சாவைச் சொல்லவேண்டிய கணத்தில் சர்பஜயா உடைந்து அழுகிறாள். அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாயின் ஒலி எழுகிறது. முகத்தையும் உடம்பையும் மட்டும் கொண்டு அந்த அழுகையை நம்மிடம் சேர்ப்பது தற்செயலாக யாருக்கும் வாய்க்காது. அடுத்த படமான ‘அபராஜிதோ’வுக்காகப் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. பிறகு ‘தேவி’, ‘காஞ்சன்ஜங்கா’, மிருணாள் சென்னின் ‘இன்டர்வியூ’ என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் படங்கள். உலகமே கொண்டாடிய ஒரு நடிகைக்கு இவ்வளவுதான்.

துர்காவாக வந்த உமா தாஸ்குப்தா பள்ளி மாணவி. பள்ளி நாடகங்களில் நடித்தவர். வினோதினியின் மகளுக்கு மூடியிருந்த பள்ளிக்கூடத்தின் வாசல் வழியாக ஒரு பெண் சினிமாவுக்குள் வர, பல பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன. அவர் நடிப்பைத் தொழிலாக்கிக்கொள்ளவில்லை. பள்ளி ஆசிரியையாக வாழ்ந்து 2024 நவம்பரில் காலமானார்.

இவர்களோடு நடித்த ஆண்களையும் பார்க்கவேண்டும். ஹரிஹராக நடித்த கனு பானர்ஜி ஏற்கெனவே திரையில் தெரிந்த முகம். மளிகைக்கடை வாத்தியாராக வரும் துளசி சக்ரவர்த்தி பெயர்பெற்ற நகைச்சுவை நடிகர். அவர்களை யாரும் ‘கிடைத்த முகங்கள்’ என்று சொல்வதில்லை. பெண்கள் நன்றாக நடித்தால் மட்டும் அது ‘அப்படியே வாழ்ந்திருக்கிறார்’ ஆகிவிடுகிறது. வீட்டு வேலையைப் பெண்ணின் இயல்பு என்று சொல்லிக் கூலியை இல்லாமல் ஆக்கும் அதே தர்க்கம்தான் இது.

திரைக்கு வெளியே இருந்தவர்களையும் சேர்த்துக்கொள்வோம். அபுவாக நடித்த சிறுவன் சுபீர், விளம்பரம் கொடுத்துத் தேடியும் கிடைக்காதவன். பக்கத்து மாடியில் விளையாடிக்கொண்டிருந்த அவனைக் கண்டெடுத்தவர் ராயின் மனைவி பிஜயா. பிஜயா வெறும் ‘இயக்குநரின் மனைவி’ அல்ல. நன்றாகப் பாடுவார். 1944இல் ‘சேஷ ரக்ஷா’ என்ற வங்கப் படத்தில் நடித்தவர். படத்துக்குப் பணம் தீர்ந்தபோது ராயின் காப்புறுதிப் பத்திரத்தோடு பிஜயாவின் நகைகளும் அடகுக்குப் போயின. அதுவும் தீர்ந்தபோது, கணவரை இழந்து மகனை வளர்த்த ராயின் தாய் சுப்ரபா, தனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி மூலமாக முதலமைச்சர் பி.சி. ராயை அணுகினார். அரசுப் பணம் வந்தது அந்த வழியில்தான். யாரையும் சாராதது என்பதால்தான் சுயாதீன சினிமா என்கிறோம். இந்தப் படம் ஒரு மனைவியின் நகையையும் ஒரு தாயின் நட்பையும் சார்ந்து எழுந்தது.

இதனால் படத்தின் பெருமையோ ராயின் மேதைமையோ குறைந்துவிடாது. சுனிபாலாவைத் தேடிப் போனதும், அவர் கலையை மதித்து எழுதிவைத்ததும் ராய்தான். அவர் எழுதியதால்தான் இன்று நமக்கு இவ்வளவாவது தெரிகிறது. நான் சொல்வது அந்தப் படத்தைப் பார்க்கும்போது நாம் எதைப் பார்க்கத் தவறுகிறோம் என்பதை மட்டுமே. கதையில் சர்பஜயா, இந்திர் தாக்ருனை வீட்டைவிட்டுத் துரத்துகிறாள். கதைக்கு வெளியே, குடும்பப் பெண்ணுக்கும் மேடைப் பெண்ணுக்கும் நடுவே கிழிக்கப்பட்ட கோடு அந்த இருவரையும் ஒரே இடத்தில் நிற்கவிடாமல் எண்பது ஆண்டுகள் வைத்திருந்தது. போரால் கிராமத்தின் அந்த இடிந்த வீட்டு முற்றத்தில் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். பிராமண வீட்டு விதவையாக நடித்தவர், அப்படிப்பட்ட வீடுகள் தள்ளிவைத்த ஒரு பெண்.

1955 ஆகஸ்ட் 26 அன்று படம் கல்கத்தாவில் வெளியானது. மறு ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த மானுட ஆவணம் என்ற விருதைப் பெற்றது. சுனிபாலா படம் வெளியாகும் முன்பே இறந்துவிட்டார். துர்கா வளராததும், அபுவின் குரல் உடையாததும், இந்திர் தாக்ருன் சாகாததும் மூன்று அற்புதங்கள் என்று ராய் பிற்காலத்தில் சொல்லிவந்தார். மூன்றாவதை அற்புதம் என்று விட்டுவிட வேண்டாம். எண்பது வயதில், நாளுக்கு இருபது ரூபாய்க்கு, கூப்பிட்டபோதெல்லாம் வந்து, ஈரமான கை எது என்பதுவரை நினைவில் வைத்திருந்து, ஒரு நடிகை தன் கடைசி வேலையை முடித்துக் கொடுத்தார்.