காலேஜ் ஃபீஸ் கட்டினால் வருமான வரி குறையுமா? அப்பா, அம்மா, அண்ணன்... யார் க்ளெய்ம் செய்யலாம்?

"ஃபீஸ் ரசீதைப் பத்திரமா வைங்க, வரியில கழிச்சுக்கலாம்" என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆனால் அந்தச் சலுகை எல்லோருக்கும் கிடைக்காது. விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் வட்டாரத்தில் உப்பளக் கூலியில் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு ஒரு கணக்கு, புதுச்சேரியில் மாதச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு வேறு கணக்கு. 2025-26 நிதியாண்டு விதிகளின்படி விவரம் இதோ.

ஃபீஸுக்கு என்ன சலுகை?

பழைய வரி முறையில், பிரிவு 80சி-யின் கீழ் இரண்டு பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸை வருமானத்தில் கழிக்கலாம். இந்தியாவில் உள்ள பள்ளி, கல்லூரியில் முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டும். பி.எஃப், எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்து உச்சவரம்பு 1.5 லட்சம் ரூபாய். நன்கொடை, வளர்ச்சிக் கட்டணம், ஹாஸ்டல், பஸ் கட்டணம் சேராது.

பிள்ளைக்கு 18 வயது தாண்டினாலும் பிரச்சினை இல்லை. அப்பா, அம்மா இருவரும் வரி கட்டுபவர்கள் என்றால், அவரவர் கட்டிய பணத்துக்கு அவரவர் தனித்தனியாகக் கேட்கலாம்.

தம்பிக்கு அண்ணன் கட்டினால்?

நம் வீடுகளில் இது சகஜம். ஆனால் சலுகை கிடையாது. 80சி பெற்றோருக்கு மட்டும்தான். தாத்தா, மாமா, அக்கா கட்டினாலும் இதே நிலைதான். தன் சொந்தப் படிப்புக்குக் கட்டிய ஃபீஸையும் கழிக்க முடியாது.

கல்விக்கடன் இருந்தால்?

இங்கே பிரிவு 80இ வருகிறது. வங்கியில் வாங்கிய கல்விக்கடனின் வட்டியை முழுவதும் கழிக்கலாம், உச்சவரம்பு இல்லை. அசலுக்குக் கிடையாது. வட்டி கட்டத் தொடங்கும் ஆண்டும், அடுத்த 7 ஆண்டுகளும் சலுகை உண்டு.

தனக்காக, கணவன் அல்லது மனைவிக்காக, பிள்ளைக்காக வாங்கிய கடனுக்கே இது பொருந்தும். தங்கைக்காக அண்ணன் கடன் வாங்கி வட்டி கட்டினால், அவர் சட்டப்படியான காப்பாளராக இருந்தால் மட்டுமே கேட்க முடியும். படித்த பிள்ளையே கடன்தாரராக இருந்து, வேலைக்குப் போய் தன் சம்பளத்தில் வட்டி கட்டினால், சலுகை அந்தப் பிள்ளைக்கு.

கட்டிய ஃபீஸ் திரும்ப வருமா?

வராது. கழிவு என்பது வரி போடும் வருமானத்தைக் குறைப்பது மட்டுமே. 20 சதவீத வரம்பில் இருப்பவர் 1 லட்சம் ரூபாய் ஃபீஸைக் கழித்தால், செஸ் உட்பட மிச்சமாவது 20,800 ரூபாய். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே கல்லூரிச் செலவுக்கு ஒரு மாணவருக்கு 2,500 டாலர் வரை வரியிலேயே தள்ளுபடி உண்டு. பெற்றோரைச் சார்ந்த மாணவர் என்று கணக்கில் காட்டியிருந்தால், அதைப் பெற்றோர்தான் கேட்க முடியும்.

புதிய முறையில் இருந்தால்?

80சி, 80இ இரண்டுமே கிடையாது. 2023-24 முதல் தானாகவே பொருந்துவது புதிய முறைதான். பழையது வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்து தேர்வு செய்ய வேண்டும்.

ஆனால் புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. அதற்குள் இருப்பவர்கள் ரசீதைத் தேடி அலைய வேண்டாம். அதற்கு மேல் சம்பளம், பெரிய கல்விக்கடன் வட்டி, பி.எஃப். எல்லாம் இருந்தால் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வரியே கட்டாத குடும்பத்துக்கு?

உப்பளக் கூலிக் குடும்பத்துக்கு வரிக்கழிவால் ஒரு ரூபாய்கூடப் பயனில்லை. அவர்கள் பார்க்க வேண்டியவை இவை:

- அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வியில் சேர்ந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய்: மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன்.
- கலந்தாய்வில் தொழிற்படிப்பில் சேர்ந்தால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.
- குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியான தொழிற்படிப்புக் கடனுக்குப் படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் மத்திய அரசின் வட்டி மானியம். கடன் வாங்கும்போதே வருமானச் சான்றிதழைக் கொடுத்து வங்கியில் கேளுங்கள்.

படிப்புச் செலவுக்காகத் தரப்படும் ஸ்காலர்ஷிப்புக்கு வருமான வரி கிடையாது.