உதைபந்தாட்டப் பயிற்றுநரும் வரலாறும்: சையது அப்துல் ரஹீமை முன்வைத்துச் சில குறிப்புகள்

கல்லூரி ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதிபர்களின் பெயர்களையும், கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளையும், பரீட்சைப் பெறுபேறுகளையும் தவறாது குறிப்பர். மாலை வேளைகளில் மைதானத்தில் நின்ற உதைபந்தாட்டப் பயிற்றுநரைப் பற்றி ஒரு வரி இடம்பெற்றால் அதுவே பெரிது. அவரது பணியின் பயன் ஏடுகளிலன்றி மாணவரின் பழக்கங்களிலே பதிகின்றமை இதற்குக் காரணமாகலாம்.

காங்கேசன்துறை போன்ற ஊர்களில் இக்குறை இன்னும் ஆழமானது. 1990ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது நடேஸ்வராக் கல்லூரியும் தன் மண்ணை விட்டு நீங்க நேர்ந்தது. 2009இல் போர் முடிந்த பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. ஒரு தலைமுறைக் காலம் ஊரும் மைதானமும் பிரிந்திருந்த இடத்தில், பயிற்றுநர் ஒருவரின் ஆளுமையை எச்சான்று கொண்டு அறிவது?

இவ்வினாவுக்கு விடை காண, சான்றுகள் ஓரளவு நிறைந்த ஒருவரின் வாழ்வை முதலில் நோக்குதல் பயன்தரும். அத்தகையவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம் (1909–1963). உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, அதன் அணியில் ஆடி, பின்னர் பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர். ஐதராபாத் நகரப் பொலிஸ் அணி அவரது பயிற்சியில் 1950 முதல் 1954 வரை ஐந்து முறை தொடர்ச்சியாக ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. இந்திய தேசிய அணியையும் அவரே பயிற்றுவித்தார்.

ரஹீமின் பயிற்சி முறையில் ஆசிரியப் பண்பு மேலோங்கி நின்றது. வலிமை குன்றிய காலால் மட்டுமே பந்தை உதைக்கவேண்டும் என்ற விதியோடும், பந்தை வைத்து விளையாடாது உடனே பிறருக்கு வழங்கவேண்டும் என்ற விதியோடும் அவர் சிறு போட்டிகளை நடத்தினார். மாணவன் தன் குறையைத் தானே கண்டு திருத்த வழிசெய்வதும், தனித்திறனைக் குழுவின் நலனுக்கு அடங்கச் செய்வதும் இவற்றின் நோக்கங்களாகும். செக்கந்தராபாத்தில் வறிய தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த துளசிதாஸ் பலராம் பயிற்சிக்கு வந்துபோகப் பணமின்றி நின்றபோது, வாடகைச் சைக்கிளுக்கு ரஹீமே வழிசெய்தார். அவ்விளைஞர் 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றார்.

தோல்வியை அவர் எதிர்கொண்ட விதமும் கருதற்பாலது. 1952இல் ஹெல்சிங்கியில் யூகோசிலாவியா இந்தியாவை 10–1 என வென்றது. இந்திய வீரர் பலர் அன்று வெறுங்காலுடன் ஆடினர். நான்கு ஆண்டுகளின் பின் மெல்பேர்ணில் அதே பயிற்றுநரின் அணி அவுஸ்திரேலியாவை 4–2 என வென்று, ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தை எய்தியது.

அவரது செல்வாக்கு உச்சமாக வெளிப்பட்ட களம் 1962ஆம் ஆண்டின் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவாகும். அப்போது அவரை நுரையீரற் புற்றுநோய் பற்றியிருந்தது. முதற் போட்டியில் தென் கொரியாவிடம் அணி 2–0 எனத் தோற்றது. தாய்லாந்துடனான போட்டியில் பின்கள வீரர் ஜர்னையில் சிங்கின் தலையிற் காயம் ஏற்பட்டுத் தையலிடப்பட்டது. ரஹீம் அவரை ஒதுக்கிவிடவில்லை, முன்களத்திற்கு மாற்றினார். காய்ச்சலாற் சில போட்டிகளைத் தவறவிட்ட நெடிய பந்துகாப்பாளர் பீற்றர் தங்கராஜை இறுதிப் போட்டிக்கு மீள அழைத்தார். செப்டெம்பர் 4ஆம் திகதி, பகைமை பாராட்டிய கூட்டத்தின் நடுவே, அதே தென் கொரியாவை இந்தியா 2–1 என வென்றது. பி. கே. பானர்ஜியும் ஜர்னையில் சிங்கும் கோல்களைப் பெற்றனர். நோயுற்ற ஆசிரியருக்காகவே ஆடினோம் என்ற உணர்வு வீரரிடையே நிலவியதெனக் கூறுவர்.

1963 ஜூன் 11ஆம் நாள் ரஹீம் மறைந்தார். ஆசிய விளையாட்டு உதைபந்தாட்டத்தில் இந்தியா பின்னர் தங்கம் பெறவில்லை. ஒலிம்பிக் களத்திலும் அவ்வணி மீண்டும் ஆடவில்லை. இதற்கு ஒருவரது மறைவே காரணம் எனல் வரலாற்று நேர்மையாகாது. ரஹீமைக் குறையற்றவராகக் காட்டுதலும் அவ்வாறே. புகைப் பழக்கத்தை அவரால் விடமுடியவில்லை. எனினும், வெற்றிகள் அவரோடு நின்றபோதும் பழக்கங்கள் நின்றுவிடவில்லை. பானர்ஜி பின்னாளிற் கல்கத்தாக் கழகங்களின் புகழ்மிக்க பயிற்றுநரானார். ஆசிரியன் மாணவனிடத்தே தொடர்கின்றான் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இங்கு நமக்கொரு பாடம் உண்டு. ரஹீமின் பண்பை நாம் அறிவது கிண்ணங்களின் பட்டியலால் அன்று. சைக்கிளுக்குக் காசு பெற்றவரும், காயத்தோடு களம் புகுந்தவரும் பின்னர் சொன்னவற்றாலேயே ஆகும். காங்கேசன்துறையிலும் அயலூர்களிலும் அன்று ஆடியோர் பலர் இன்று முதுமையெய்தி, ஊரிலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். நமக்கு எஞ்சிய ஏடுகள் அவர்களே. எத்தனை கோல் பெற்றீர்கள் என்று மட்டும் அவர்களிடம் கேட்டல் போதாது. தோற்ற நாளிற் பயிற்றுநர் என்ன சொன்னார், பசியோடு வந்தவனை எவ்வாறு நடத்தினார், எவனை எதற்காக நிறுத்திவைத்தார் எனக் கேட்டல் வேண்டும். அவ்விடைகளை எழுதிவைத்தல் வரலாறு பயிலும் மாணவராகிய நமது கடமை. அதற்குரிய காலமோ நீண்டதன்று.