சுண்ணாம்புக் காளவாய்க்குப் போன கல்

"பழைய லைவ் ராக் மலிவா வருது, வாங்கி உப்புத்தண்ணித் தொட்டியில போடலாமா?" என்று பாளையங்கோட்டை நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி மீன்தொட்டியைப் பற்றியதுதான். பதில் தேடப் போனால் அது தூத்துக்குடிக் கடலில் கொண்டுபோய் விட்டது.

முதலில் லைவ் ராக் என்றால் என்ன? கல்லுக்கு உயிர் கிடையாது. அது பவளப்பூச்சிகள் விட்டுப்போன கூடு, வெறும் கால்சியம் கார்பனேட். அதன் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியா, பாசி, புழு, கடற்பஞ்சு இவைதான் உயிர். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது அந்த பாக்டீரியா. 1961இல் ஜகார்த்தாக்காரர் லீ சின் எங் இந்த முறையை எழுதி வெளியிட்டார். கல்லும் காற்றுக்குமிழியும் இருந்தால் கடல்மீனை வளர்க்கலாம் என்பது அவர் கண்டது.

அதே காலத்தில் நம்ம பக்கம் அதே கல் காளவாயில் வெந்துகொண்டிருந்தது. தாமிரபரணி புன்னைக்காயலில் போய்ச் சேரும் மன்னார் வளைகுடாவில், மீனவர்கள் கடப்பாரையால் பவளப்பாறையைப் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றிவந்தார்கள். சுண்ணாம்புக்கும், கால்சியம் கார்பைடு செய்வதற்கும் அது போனது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிப்போனதற்கு இந்தப் பாறை வெட்டும் ஒரு முக்கியக் காரணம். பாறை இருந்தால்தானே அலை உடையும்? இது நெல்லைக் கதையும்தான். ஏன்னா 1986 அக்டோபர் வரை தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அதே 1986இல்தான் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவும் அறிவிக்கப்பட்டது.

ஆனாலும் வெட்டு உடனே நிற்கவில்லை. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. 2004 சுனாமியில் தீவும் பாறையும் அலையை எப்படித் தடுத்தன என்று கரையிலிருந்தவர்களே பார்த்தார்கள். அதன் பிறகுதான் வெட்டு ஓய்ந்தது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: கல் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். நம்ம கடலில் எடுத்த பவளக்கல் என்றால் விற்பதும் வாங்குவதும் குற்றம். "செத்த கல்தானே" என்று சொல்லித் தப்ப முடியாது. சிமெண்டிலோ பீங்கானிலோ செய்த பழைய கல் என்றால் தாராளமாக வாங்கலாம். பிரஷ் போட்டுத் தேயுங்கள். தனி டப்பில் உப்புநீர், ஹீட்டர், பம்ப் வைத்து, இருட்டில் சில வாரம் ஊறப்போடுங்கள். துளைகளில் செத்துக் கிடப்பது அழுகி அம்மோனியா ஏறும், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு துண்டு கல்லைக் கூடப் போட்டால் பாக்டீரியா சீக்கிரம் பரவும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து, அங்கேயே நின்றால் கல் தயார். பழைய கல்லில் ஊறிய பாஸ்பேட் பிறகும் கசியும், அதனால் பாசி வரும். அதற்கு அவசரப்படக் கூடாது.

டப்பில் நடக்கும் இதே வேலை கடலிலும் நடந்திருக்கிறது. தூத்துக்குடிக்கு எதிரே கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி 2015-16இல் 10,000க்கும் மேற்பட்ட கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்தது. துளையுள்ள அந்தக் கான்கிரீட்டில் மீன்கள் வந்து ஒதுங்கின, பவளமும் ஒட்டி வளர்ந்தது. கடப்பாரையால் ஒரே நாளில் பெயர்த்த கல்லுக்கு ஈடாக, கடல் இப்போது அதன்மேல் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளர்த்துக்கொண்டிருக்கிறது.