காரில் வயர்லெஸ் வைக்கும் முன்



1933-இல் அமெரிக்காவின் பேயோன் நகரப் போலீசார், பேசவும் கேட்கவும் வசதியான வயர்லெஸ்ஸைக் கார்களில் பொருத்தினார்கள். அதே ஆண்டு இந்தியாவில், உரிமமின்றி வயர்லெஸ் கருவி வைத்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது.

1991-இல் நம் ஸ்ரீபெரும்புதூரில் உயிரிழந்த ராஜீவ் காந்தியும் உரிமம் பெற்ற ஹாம் ரேடியோக்காரர்தான். அவருடைய அழைப்புக்குறி வியு2ஆர்ஜி.

2004 சுனாமியில் அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த ஹாம் பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார்கள்.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, காரில் செட் வைக்கும் பெட்டியைப் பலகையிலும் தகரத்திலும் நீங்களே செய்துவிடுவீர்கள். உரிமத்தை மட்டும் தேர்வெழுதித்தான் வாங்க வேண்டும். 12 வயது நிரம்பினால் போதும். உங்கள் பிள்ளைகளையும் கூட உட்காரவைத்துப் படியுங்கள்.