கிடப்பில் போட்ட எஞ்சின்கள்

பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த பழைய காரின் எஞ்சினை மறுபடி வண்டியில் ஏற்றுவதற்கு முன்பு, விவரம் தெரிந்த மெக்கானிக் ஒரு முறையைக் கடைப்பிடிப்பார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு ஊற வைப்பார். ஸ்டார்ட்டரைத் தொடமாட்டார்; கையால் மட்டும் மெல்லச் சுற்றிப் பார்ப்பார். அடியில் உள்ள ஆயில் சம்ப்பைக் கழற்றி வண்டலை வழித்தெடுப்பார், பேரிங்குகளைச் சோதிப்பார். புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே சுழலவிட்டு, ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறிய பிறகுதான் எஞ்சினை உயிர்ப்பிக்க நினைப்பார். இவ்வளவு பொறுமையும் வசதி படைத்த சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கில் பிறந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. பழைய கார் மோகம் ஆழமாக வேரூன்றிய பிரிட்டனின் வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. அங்கே லட்சக்கணக்கான சாதாரணக் கார்களை ஏறத்தாழ ஒரே காலத்தில் கிடப்பில் போடவும், ஒரே காலத்தில் எழுப்பவும் வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரையொட்டிய அந்தப் பற்றாக்குறைக் காலம்தான் இந்த முறையைப் பொது அறிவாக்கியது. அதைப் புரிந்துகொண்டால், இன்றைக்கு எந்த எஞ்சினைப் பிரிப்பது, எதைப் பிரிக்காமல் விடுவது என்பதிலும் தெளிவு வரும்.

1939-இல் பிரிட்டனில் சுமார் 20 லட்சம் தனியார் கார்கள் ஓடின. அந்த ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. அதே மாதம் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1940-இல் மக்களுக்கான கார் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோனது. எதிரிப் படை இறங்கினால் வண்டி அதன் கையில் சிக்கக்கூடாது என்பதற்காக, நிறுத்திய காரை இயங்காமல் செய்துவிட்டுப் போக வேண்டும் என்ற விதியும் அந்த ஆண்டில் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. 1942 ஜூலையில், எல்லாருக்கும் பொதுவாகக் கிடைத்து வந்த அடிப்படை ரேஷனும் ரத்தானது. மருத்துவர் போன்ற அவசியப் பணியாளர்களைத் தவிர மற்றவர்களின் கார்கள் மரக்கட்டைகள்மேல் ஏறி நின்றன. அதே போர், அதே பெட்ரோல் தட்டுப்பாடு சென்னை மாகாணத்தையும் தொட்டது. ஆனால் இங்கே டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலன்களைத் தயாரித்து வாகனங்களை ஓடவைக்கப் பார்த்தது. பிரிட்டனின் தனியார் காருக்கோ பெரும்பாலும் ஓய்வுதான் விதிக்கப்பட்டது. அடிப்படை ரேஷன் 1945 ஜூனில்தான் திரும்பியது. இடைப்பட்ட ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஒரு நாட்டின் எஞ்சின்கள் சும்மா கிடந்தன.

சும்மா கிடப்பது எஞ்சினுக்கு ஓய்வல்ல. எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தபடி இருக்கும். அதன் வழியே ஈரக்காற்று உள்ளே போய் வரும். இரவுக் குளிரில் அந்த ஈரம் வார்ப்பிரும்புச் சுவரில் படிய, பிஸ்டன் ரிங்குகள் துருவேறிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஓடிய ஆயிலில் எரிபொருள் எரிந்து உண்டான அமிலமும் நீரும் கலந்திருக்கும். அது பேரிங்குப் பரப்புகளை அரிக்கும். கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டும். தண்ணீரை வடிக்காமல் விட்டால் பனிக்காலத்தில் அது உறைந்து பிளாக்கையே பிளக்கும். வடித்துவிட்டால் காலியான நீர்ப்பாதைகளில் துரு செதில் செதிலாகக் கிளம்பும். ஆக, மெக்கானிக்கின் ஒவ்வொரு செயலும் இந்தக் கேடுகளில் ஒன்றுக்கு நேர்ப் பதில். எண்ணெய் ஊறவைப்பது ரிங்குக்காக. கையால் சுற்றுவது, ஒட்டிய ரிங்கை ஸ்டார்ட்டரின் முரட்டு விசை உடைத்துவிடக் கூடாது என்பதற்காக. அன்றைய பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதி இருந்ததால், இந்த முறைக்குத் தனிக் கருவிகூடத் தேவைப்படவில்லை. காரின் சொந்தக்காரரே செய்யலாம்.

1945-இல் கார்கள் எழுந்தபோது அவற்றைக் கைவிட்டுப் புதிது வாங்கும் வழி பெரும்பாலோருக்கு இல்லை. போரில் கடன்பட்ட அரசுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். கூடுதலாக ஏற்றுமதி செய்யும் ஆலைக்கே எஃகு கிடைக்கும் என்ற நிலையில் புதுக் கார்கள் கப்பலேறின. உள்நாட்டில் வாங்க நினைத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1947-இன் இறுதியில் அடிப்படை ரேஷன் மறுபடி நிறுத்தப்பட்டு, மறு ஆண்டு குறைந்த அளவில் திரும்பியது. பெட்ரோல் ரேஷன் முற்றிலும் ஒழிந்தது 1950 மே மாதத்தில்தான். ஆகவே போருக்கு முந்திய ஆஸ்டின் செவன், மோரிஸ் எயிட், சிறிய ஃபோர்டு வண்டிகள் தங்கள் ஆயுளைத் தாண்டி ஓட வேண்டியதாயிற்று. சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது, கிராங்க் ஷாஃப்ட்டைச் சாணை பிடிப்பது, பேரிங்குக்கு வெள்ளை உலோகம் உருக்கி ஊற்றுவது ஆகிய வேலைகளுக்கான பட்டறைகளுக்குக் கை நிறைய வேலை. இந்தத் தேவை நீடித்ததால்தான், 1952-இல் உருவான பி.எம்.சி. என்ற கார் நிறுவனம் 'கோல்டு சீல்' என்ற முத்திரையில் புதுப்பித்த எஞ்சின்களை மாற்றித் தர முடிந்தது. இன்று சேகரிப்பாளர் கொண்டாடும் கைத்திறன் அன்று அன்றாடப் பிழைப்பு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பழைய கார்களைப் போற்றும் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் பிரிட்டனில் 1934-லேயே தொடங்கிவிட்டது. ஆர்வலர்களின் அறிவு போருக்கு முந்தியதுதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கிளப் போற்றியது 1931-க்கு முந்திய கார்களை. தொடங்கிய நாளில் அவற்றில் பல பத்து வயதுகூட ஆகாதவை. ஓட்டுவதும் பந்தயம் விடுவதுமே உறுப்பினர்களின் ஆசை. ஓடித் தேய்ந்த எஞ்சினைச் சீர்செய்வது அவர்களுக்குக் கைவந்த கலைதான். ஓடாமல் கெட்ட எஞ்சின் வேறு நோய். அதை ஒரு நாடு முழுவதும் ஒரே சமயத்தில் சந்திக்க வைத்தது, அடிப்படை ரேஷனை ரத்து செய்த 1942-ஆம் ஆண்டு முடிவு. ஆர்வலர்கள் அந்த அறிவைப் பிற்பாடு காத்தார்கள், செம்மைப்படுத்தினார்கள். அந்தப் பெருமையை அவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

இன்னொரு மறுப்பு: எண்ணெயும் எரிபொருளும் மாறிவிட்ட பிறகு அந்தக் காலத்து முறைக்கு என்ன மதிப்பு? மாற்றம் உண்மை. போருக்கு முந்திய கார் ஆயிலில் அழுக்கை மிதக்கவைக்கும் டிடர்ஜென்ட் சேர்மானம் கிடையாது. அது 1930-களில் கேட்டர்பில்லர் டீசல் எஞ்சின்களில் ரிங்குகள் ஒட்டிக்கொண்ட சிக்கலைத் தீர்க்க வந்து, போருக்குப் பிறகே கார்களுக்குப் பரவலானது. பல சிறு கார்களில் வலைச் சல்லடையைத் தவிர ஃபில்டரும் இல்லை. அழுக்கு சம்ப்பின் அடியில் படிந்து இறுகியது. அதன்மேல் இன்றைய ஆயிலை ஊற்றினால் வண்டல் கரைந்து கிளம்பி ஆயில் பாதையை அடைக்கலாம். எனவே சம்ப்பைக் கழற்றும் வேலையின் அவசியம் இப்போது கூடியிருக்கிறது. இந்தியாவிலும் பிரிட்டனிலும் 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை முடிவுக்கு வந்தது. ஈயம்தான் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டின் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்துவந்தது. அதனால் கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்துவது புதிய படியாகச் சேர்ந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுப்பதால் அவற்றை மாற்றுவது இன்னொரு படி. பழைய வரிசை கலையவில்லை, படிகள் கூடியிருக்கின்றன.

மூன்றாவது மறுப்பு பட்டறையிலிருந்து வரும்: எஞ்சின் எப்படியும் வெளியே இருக்கிறது, முழுவதும் பிரித்து எல்லாவற்றையும் புதிதாக்கிவிடுவதுதானே பாதுகாப்பு? வெள்ளை உலோகம் வெடித்திருந்தாலோ, சிலிண்டர் சுவரில் துரு ஆழமாகக் குழி பறித்திருந்தாலோ அதைத் தவிர வழியில்லை. ஆனால் நல்ல நிலையில் கிடப்பில் போன எஞ்சினும் தேய்ந்து நின்ற எஞ்சினும் ஒன்றல்ல. ஒன்றோடொன்று உராய்ந்து இசைந்துபோன ரிங்கையும் சுவரையும் பிரித்துவிட்டால் அந்தப் பொருத்தம் போய்விடும். சுவரை மறுபடி உரசிச் சொரசொரப்பாக்கிப் புது ரிங் போட வேண்டிவரும். சிலிண்டரை ஒவ்வொரு முறை கடையும்போதும் சுவர் மெலிகிறது. அடுத்த தலைமுறை கடைவதற்கான உலோகம் குறைகிறது. உதிரி பாகம் கிடைக்காத 1945-இல் பிரித்துப் போடுவது கடைசி வழியாகவே இருக்க முடியும். ஊறவைத்து, சுற்றி, அளந்து, தேவைப்பட்டதை மட்டும் மாற்றுவதே கட்டுப்படியான வழி. இன்று பணம் இருக்கலாம். ஆனால் அந்த எஞ்சின்களை வார்த்த ஆலைகள் இல்லை. பணத்தட்டுப்பாடு நீங்கினாலும் உலோகத்தட்டுப்பாடு நீங்கவில்லை என்பதால், அளந்து பார்க்காமல் எதையும் மாற்றக்கூடாது என்ற அந்தச் சிக்கனம் இன்றும் செல்லுபடியாகும் தொழில் விதி.